போதைப் பழக்க உளவளத்துணை படிக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், பயிற்சிப் பட்டறை எங்கே நடந்தாலும் உண்மையான கேள்விகள் மண்டபத்துக்குள் வராது. தேத்தண்ணீர் இடைவேளையில், ஒரு கையில் வடையோடு, "மிஸ், ஒண்டு கேக்கலாமோ" என்றுதான் தொடங்கும். கேட்பவர்கள் பல வகை: உயர்தரம் முடித்த பிள்ளைகள், வேலை தேடும் பட்டதாரிகள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கன்னியாஸ்திரிகள், ஒருகாலம் தாங்களே குடித்து, பிறகு குடியை விட்டவர்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அவ்வளவாக மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்தேன். கேட்டவர்களின் வாய்ச்சொல்லை மாற்றவில்லை.

உளவளத்துணை எண்டா புத்திமதி சொல்லுறதுதானே மிஸ்? அதுக்கு என்னத்துக்கு ஒரு படிப்பு?

புத்திமதி சொல்வதற்குப் படிப்பு தேவையில்லைதான். குடிக்கிற ஒருவருக்கு அம்மா, மனைவி, மாமன், ஐயர், பாதிரியார், அதிபர் என்று எல்லாரும் ஏற்கெனவே அதைச் சொல்லி முடித்துவிட்டார்கள். கேட்டு மாறியிருந்தால் அவர் நம்மிடம் வந்திருக்க மாட்டார். அந்த வரிசையில் இன்னொரு ஆளாகப் போய் நிற்காமல் இருக்கத்தான் இந்தப் பயிற்சி.

என் முதல் அமர்வைச் சொல்கிறேன். நாற்பது நிமிடம் நான்தான் பேசினேன். ஈரல் எப்படிப் பழுதாகும், பிள்ளைகள் எப்படிப் பாதிக்கப்படுவார்கள் என்று எல்லாம் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம் மிஸ்", "சரி மிஸ்" என்றார். நல்ல அமர்வு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவர் திரும்பி வரவேயில்லை. அவர் என்ன வேலை செய்கிறார் என்பதைக்கூட நான் கேட்கவில்லை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

உளவளத்துணை, சீர்மியம், ஆற்றுப்படுத்தல்... எல்லாம் ஒண்டா வேற வேறயா?

மூன்றும் ஏறத்தாழ ஒரே வேலைக்கான பெயர்கள்தான். அரச கடிதங்களில் உளவளத்துணை என்று வரும். கல்வித்துறையிலும் பழைய யாழ்ப்பாண எழுத்துகளிலும் சீர்மியம் என்று காண்பீர்கள். ஆற்றுப்படுத்தல் கொஞ்சம் அகலமான சொல். போரும் இடப்பெயர்வும் வந்த காலத்தில் துயரில் இருப்பவரோடு கூட இருப்பதையும் அது குறித்தது. விண்ணப்பப் படிவத்தில் என்ன சொல் இருக்கிறதோ அதையே எழுதுங்கள்.

நான் ஏ.எல். கலைப்பிரிவு, மூண்டு பாடமும் பாஸ். எங்கை போய்ப் படிக்கலாம்?

முதலில் பார்க்க வேண்டியது தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். 1952 இல் சமூகப்பணி நிறுவகமாகத் தொடங்கி, 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. உளவளத்துணையிலும் சமூகப்பணியிலும் டிப்ளோமா உண்டு. சமூகப்பணி இளமாணிப் பட்டம் 2005 முதல் இருக்கிறது. எந்த வருடம் எந்த மொழிமூலத்தில் எடுக்கிறார்கள், வகுப்பு எங்கே நடக்கும் என்பதை அந்தந்த வருட அறிவித்தலில் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்கா 2015 இல் படித்ததை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஊரிலேயே என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஒரு பாடமாக உண்டு. போர்க்காலத்திலிருந்து உளவளத்துணையும் பயிற்சியும் செய்துவரும் சாந்திகம் இருக்கிறது. போதைப்பொருளில் மட்டும் ஆழமாகப் போக வேண்டுமென்றால், 1984 இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் பயிற்சிகளைக் கவனியுங்கள். 1927 என்ற இலவச ஆலோசனை இலக்கம் அவர்களுடையதுதான். சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம், அதாவது டி.டி.கே. மருத்துவமனை, 1980 முதல் மதுப் பழக்கச் சிகிச்சையில் இருக்கிறது. அதைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன் தமிழ்ச் சூழலுக்குள் இந்த வேலையைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். குடும்பத்தை எப்படிச் சிகிச்சைக்குள் சேர்ப்பது என்பதை அந்த அனுபவத்திலிருந்து நிறையக் கற்கலாம்.

படிச்சு முடிச்சா அரச வேலை நிச்சயமோ?

நிச்சயமில்லை. அரச நியமனம் வர்த்தமானி, போட்டிப் பரீட்சை, நேர்முகம் என்ற பழைய பாதையில்தான் வரும். சான்றிதழ் இருப்பது அந்த வரிசையில் நிற்க உதவும், அவ்வளவுதான். தொண்டு நிறுவன வேலைகள் பெரும்பாலும் திட்டம் முடியும்வரைதான். இதை வீட்டிலும் சொல்லிவிட்டுப் படிக்க வாருங்கள்.

பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், நன்னடத்தை, சிறுவர் உரிமை எண்டு எல்லாரும் பக்கத்துப் பக்கத்து மேசை. ஆர் என்ன செய்யிறது?

நல்ல கேள்வி. உள்ளே இருப்பவர்களுக்கே இதில் குழப்பம் உண்டு. யாழ் மாவட்டத்தின் 15 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு குடும்பத்தை வைத்துப் பார்த்தால் விளங்கும். அப்பா கசிப்புக் குடிக்கிறார், மூத்த பெடியன் பள்ளிக்கூடம் போவதில்லை, அம்மா கூலி வேலை, அம்மம்மா நடக்கமாட்டார் என்று வையுங்கள். அம்மம்மாவின் உதவிப் பணமும் சக்கர நாற்காலியும் சமூக சேவை உத்தியோகத்தரின் பொறுப்பு. பெடியன் பள்ளிக்கூடம் போகாததைச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் பார்ப்பார். அவன் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டால் நன்னடத்தை உத்தியோகத்தர் வருவார். அப்பாவோடும் அம்மாவோடும் இருந்து பேசுவது உளவளத்துணை உத்தியோகத்தர். வீட்டுக்குள் முதலில் கால் வைத்தவர் அநேகமாகக் குடும்பநல உத்தியோகத்தராக இருப்பார், அவரை மறந்துவிடாதீர்கள்.

இந்த நான்கைந்து பேரும் தனித்தனியாகப் போனால் அந்த அம்மா ஒரே கதையை ஐந்து தடவை அழுது சொல்ல வேண்டும். யார் முதன்மையாகத் தொடர்வது என்று முடிவு செய்து, மற்றவர்களை அவர் ஊடாக இணைப்பதற்குப் பெயர்தான் வழக்கு முகாமைத்துவம். சமூக சேவைக்காரருக்கும் உளவளத்துணைக்காரருக்கும் பொதுவான பாடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கொழும்புத் திட்டப் பாடத்திட்டம் எண்டு எல்லாரும் சொல்லுகினம். அது கொழும்பில போய்ப் படிக்கிறதோ?

இல்லை. கொழும்புத் திட்டம் என்பது பல நாடுகள் சேர்ந்த அமைப்பு. செயலகம் கொழும்பில் இருக்கிறது. அதன் போதைப்பொருள் ஆலோசனைத் திட்டம் 1973 இல் தொடங்கியது. பல நாடுகளின் போதைச் சிகிச்சைப் பணியாளர்களுக்குப் பொதுவாக ஒரு சிகிச்சைப் பாடத்திட்டத்தை அவர்கள் வைத்திருக்கிறார்கள். அதன் அடிப்படை நிலையில் எட்டுப் பாடங்கள்: போதைப்பொருள் உடலில் செய்யும் வேலை, சிகிச்சையின் தொடர்ச்சி, கூடவே வரும் உளநோய்களும் உடல்நோய்களும், அடிப்படை உளவளத்துணைத் திறன்கள், மதிப்பீடும் ஆவணப்படுத்தலும், வழக்கு முகாமைத்துவம், நெருக்கடித் தலையீடு, ஒழுக்கநெறி.

வரிசையைக் கவனியுங்கள். பேசும் திறன் நாலாவதாகத்தான் வருகிறது. உடல் முதலாவது. ஏன் என்பதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது. இந்தப் பாடங்களைப் படித்து, வேலை செய்த மணித்தியாலங்களைக் காட்டி, பரீட்சையும் எழுதினால் சர்வதேசத் தகுதிச் சான்று பெற வழி உண்டு. மணித்தியாலத்தை ஏன் கேட்கிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

நான் மூண்டு நாள் பட்டறை மூண்டு செய்திட்டன். ஃபைல் நிறையச் சான்றிதழ் இருக்கு. இனி உளவளத்துணையாளர் எண்டு போடலாமோ?

போட வேண்டாம். கார் ஓட்டப் பழகுகிறவர் எல் போர்டோடு, பக்கத்தில் ஒருவரை வைத்துத்தானே வீதிக்கு இறங்குகிறார்? நமது வேலையில் அந்தப் பக்கத்து ஆசனக்காரருக்கு மேற்பார்வையாளர் என்று பெயர். நீங்கள் ஒருவரோடு இருந்து பேசிவிட்டு வந்து, "இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது, இந்த இடத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை" என்று இன்னொருவரிடம் சொல்லி, அவர் கேட்ட கேள்வியால் வெட்கப்பட்டு, அடுத்த கிழமை திருத்திக்கொண்டு போவதுதான் பயிற்சி. பட்டறை அதற்கு முன்னால் நடக்கும் அறிமுகம்.

ஊரில் இதற்கு மதிப்புக் குறைவு. பட்டறைக்குப் படம் எடுக்கலாம், முகநூலில் போடலாம். மேற்பார்வையைப் படம் எடுக்க முடியாது. நிதி கொடுக்கிறவர்களும் "எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள்" என்றுதான் கேட்கிறார்கள். "பயிற்சி பெற்றவர்களை அதற்குப் பிறகு எத்தனை தடவை சந்தித்தீர்கள்" என்று கேட்டவர்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். எந்தப் படிப்பில் சேரப்போனாலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: களப்பயிற்சி எத்தனை மணித்தியாலம், யார் மேற்பார்வை? பதில் மழுப்பலாக இருந்தால் உங்கள் காசு உங்களிடமே இருக்கட்டும்.

நானே குடிச்சு அழிஞ்சு, விட்டு ஆறு வருசம். இந்த வேலைக்கு என்னை எடுப்பினமோ? எடுக்கலாமோ?

எடுக்கலாம். உலகம் முழுக்க இந்தத் துறையில் நல்ல வேலை செய்கிறவர்களில் பலர் அந்த வழியால் வந்தவர்கள். நீங்கள் போய் இருந்தவுடன் எதிரே இருப்பவரின் தோள் இறங்குவதைப் பார்க்கலாம். அந்த நம்பிக்கையைப் பெற எனக்கு ஐந்து அமர்வு தேவைப்படும்.

உங்கள் அனுபவமே உங்களுக்குக் குறுக்கே வரும் இடமும் உண்டு. "நான் கோயிலில சத்தியம் பண்ணி ஒரே நாளில விட்டனான், உன்னால ஏன் ஏலாது?" என்று வாயில் வரும். உங்களுக்குச் சரிவந்த பாதை உங்களுடையது, அவருடையது வேறு. மற்றவர்களைப் போலவே முழுப் பயிற்சியும் எடுங்கள், மேற்பார்வையை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே மறுபடி ஆசை கிளம்பும் நாளில் யாரிடம் போவீர்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு வேலைக்கு வாருங்கள்.

நாங்கள் டொக்டர் இல்லையே. உடம்பைப் பற்றி ஏன் இவ்வளவு படிக்க வேணும்?

ஏனென்றால் நீங்கள் சொல்லும் ஒரு நல்ல வார்த்தையால் ஆள் செத்துப்போகலாம். மிகைப்படுத்தவில்லை. நல்லூர்க் கொடியேற்றத்தை நினைத்துப் பாருங்கள். 25 நாள் திருவிழா. எத்தனையோ ஆண்கள் அந்த 25 நாளும் குடியைத் தொடுவதில்லை என்று விரதம் எடுக்கிறார்கள். அளவாகக் குடிக்கிறவருக்கு அது நல்லதே. ஆனால் பல வருடமாக விடிய எழும்பியவுடன் கை நடுங்கி, ஒரு வாய் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் திடீரென்று நிறுத்தினால், 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை ஆள் தடுமாறி, இல்லாத பூச்சியைத் தட்டி, இல்லாத ஆளோடு பேசத் தொடங்கினால் அது டெலிரியம் ட்ரெமென்ஸ். சிகிச்சை இல்லாவிட்டால் உயிராபத்து. வீட்டில் அதைச் சாமி என்பார்கள், பேய் என்பார்கள், திருநீறு போடுவார்கள். நீங்கள் "உடனே யாழ் போதனா வைத்தியசாலைக்கு அல்லது தெல்லிப்பழைக்குக் கொண்டு போங்கோ" என்று சொல்கிறவராக இருக்க வேண்டும். அதனால் "இண்டையோட விட்டிடுங்கோ" என்று சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: காலையில் நடுக்கம் வருமா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? ஒன்றுக்கு ஓம் என்றாலும் மருத்துவரின் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

தூள், அதாவது ஹெரோயின், வேறு கதை. நிறுத்திய 8 முதல் 12 மணித்தியாலத்தில் மூக்கு ஒழுகல், உடம்பு உளைவு, வயிற்றோட்டம் தொடங்கி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமை பத்து நாளில் அடங்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் திடகாத்திரமான ஆளுக்கு, உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால், அதனால் உயிர் போவது அரிது. ஆபத்து பிறகு வருகிறது. சில கிழமை விட்டிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். சிறையாலோ புனர்வாழ்வாலோ வெளியே வரும் முதல் சில கிழமைகளில் இதைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு.

ஐஸ், அதாவது மெத்தாம்பெட்டமின், எடுத்தவர் விட்டால் நித்திரை கொள்வார், கண்டபடி சாப்பிடுவார், பிறகு இருண்டு போவார். அந்த இருட்டில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று வாய்திறந்து கேளுங்கள். கேட்டால் எண்ணம் கிளம்பிவிடும் என்பது வெறும் பயம். எடுக்கும் காலத்தில் "ஆரோ பின்னால வாறாங்கள்" என்ற சந்தேகம் முற்றினால் அது உளநோய்ப் பிரிவுக்கு உரியது. உங்கள் பேச்சால் தீராது. மருந்தின் பெயரோ அளவோ உங்கள் வாயில் வரக்கூடாது, எப்போதும்.

வினாக்கொத்து நிரப்பிறது வெள்ளைக்காரர்ரை முறை. எங்கடை சனம் உண்மை சொல்லுமோ?

நீங்கள் பொலிஸ்காரர் மாதிரி கேட்டால் சொல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஓடிட் என்ற மதுசார வினாக்கொத்தில் பத்துக் கேள்விகள். மொத்தப் புள்ளி 40. எட்டும் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டிய குடி. இருபதும் அதற்கு மேலும் என்றால் தங்கியிருத்தல், அதாவது குடி இல்லாமல் இருக்க முடியாத நிலை, உண்டா என்று முழுமையாகப் பார்க்க வேண்டும். இது ஆளைப் பிடிக்கும் பொறி இல்லை என்று முதலிலேயே சொல்லுங்கள்.

இதில் வரும் சிக்கல் பொய் இல்லை, அளவு. அந்த வினாக்கொத்தில் ஒரு குடி என்றால் 10 கிராம் தூய மதுசாரம். நம்மவர் "ஒரு கால் போத்தல்தான் மிஸ்" என்பார். 180 மில்லி சாராயத்தை 33 சதவீதம் என்று வைத்தால் ஏறத்தாழ 47 கிராம், கிட்டத்தட்ட ஐந்து குடி. "கள்ளுத்தானே, அது சாப்பாடு" என்று தவறணையால் வருகிறவர் 750 மில்லிப் போத்தல் ஒன்று குடித்திருந்தால், ஆறு சதவீதம் என்று கணக்கிட்டாலும் மூன்றரைக் குடி. வகுப்பில் கடதாசியும் பேனையும் கொடுத்து இந்தக் கணக்கைச் செய்விப்பேன். அதற்குப் பிறகு சில ஆண் பயிலுநர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

ஆள் தானா வாறதில்லை, மனிசி இழுத்துக்கொண்டு வருவா. அவர் வாயே திறக்கார். என்ன செய்யிறது?

அவர் வந்து கதிரையில் இருக்கிறாரே, அதிலிருந்து தொடங்குங்கள். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983 இல் எழுதி, பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்த ஊக்குவிப்பு நேர்காணல் முறையின் சாரம் இதுதான்: மாற வேண்டிய காரணத்தை நீங்கள் சொன்னால் அவர் மாறாமல் இருப்பதற்கான காரணத்தைச் சொல்வார். நீங்கள் விட்டுக்கொடுத்தால் அவரே சொல்லத் தொடங்குவார். அவருக்குள் இரண்டு பக்கமும் ஏற்கெனவே இருக்கிறது.

வகுப்பில் நடிக்கவைக்கும் காட்சி ஒன்று. "எனக்கொரு பிரச்சினையும் இல்லை, மனிசிக்குத்தான் விசர்." பழக்கமில்லாதவர் "இல்லை அண்ணை, பிரச்சினை இருக்கு" என்று பாய்வார், அமர்வு அங்கேயே முடிந்தது. பழகியவர், "விருப்பமில்லாமல் வந்தும் இருக்கிறியள். அக்கா சொல்லுறதில எது உங்களுக்குச் சரியாப் படேல்லை?" என்பார். அவர் சொல்லிக்கொண்டே போய் எங்கோ ஓரிடத்தில், "குடிக்கிறதுதான், ஆனா அண்டைக்குப் பிள்ளையின்ரை சாமத்தியவீட்டில நடந்தது பிழைதான்" என்பார். அந்த ஒரு வசனத்தை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். புரோச்சாஸ்காவும் டிகிளமென்டியும் மாற்றத்தைப் படிகளாகப் பிரித்தார்கள்: நினைக்காத நிலை, நினைக்கும் நிலை, ஆயத்தம், செயல், தொடர்ந்து காத்தல். இவர் இப்போதுதான் முதல் படியிலிருந்து இரண்டாவதில் ஒரு காலை வைத்திருக்கிறார். அவரிடம் போய் "எந்தத் திகதியில விடுறியள்" என்று கேட்காதீர்கள்.

மனிசிமார் கேக்கினம், அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில போட்டுக் குடுக்கிற மருந்து இருக்காம். சொல்லலாமோ?

சொல்லக்கூடாது. டைசல்பிராம் என்ற மருந்து எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். என்ன நடக்கும் என்று தெரிந்து சம்மதித்தவருக்கு, மருத்துவர் பரிசோதித்துக் கொடுப்பது அது. கறிக்குள் கலக்கிற சாமான் இல்லை. அந்த அக்காவைக் குற்றவாளியாக்காதீர்கள். எவ்வளவு களைத்திருந்தால் இதைக் கேட்பார் என்று நினைத்து, அவருக்கென்று தனி அமர்வு வையுங்கள். கணவர் வராவிட்டாலும் மனைவி வரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

பொலிஸ் வந்து "அந்தப் பெடியன் உங்களிட்டை வாறவனோ, என்ன பாவிக்கிறான்" எண்டு கேட்டா?

"வாறவன்" என்றும் சொல்லாதீர்கள், "வாறதில்லை" என்றும் சொல்லாதீர்கள். "என்னிடம் யார் வருகிறார்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை" என்பதே பதில். பணிவாக, ஒவ்வொரு முறையும் அதே பதில். நீதிமன்றக் கட்டளை எழுத்தில் வந்தால் அது வேறு. அப்போது தனியே முடிவெடுக்காமல் மேலதிகாரியிடமும் சட்டத்தரணியிடமும் போங்கள்.

இரகசியத்துக்கு எல்லை உண்டு. அதை முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும்: தன் உயிருக்கு ஆபத்து, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து, பிள்ளைக்குத் துன்புறுத்தல். மூன்றாவதுக்கு 1929 என்ற சிறுவர் உதவி இலக்கம் இருக்கிறது. தற்கொலை முயற்சியைப் பற்றிப் பேசினால் வழக்கு வரும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இலங்கையில் 1998 முதல் அது குற்றமில்லை, அதையும் சொல்லுங்கள்.

சட்டத்தைவிட நமக்குத் தொல்லை ஊர்தான். "மிஸ்ஸின்ரை ஸ்கூட்டி அந்த வீட்டு வாசல்ல நிக்குது" என்பதே செய்தி. நான் ஸ்கூட்டியை வாசிகசாலையடியில் விட்டுவிட்டு நடந்து போவேன்.

வாறவர் என்ரை சொந்தக்காரர் எண்டா?

வேறொருவரிடம் அனுப்புங்கள். யாழ்ப்பாணத்தில் நாலு கேள்வி கேட்டால் எல்லாரும் ஏதோ ஒரு வழியில் சொந்தம்தான். தூரத்து உறவென்றால் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுத் தொடரலாம். கலியாணவீட்டில் பக்கத்து இலையில் இருக்கும் உறவு என்றால் வேண்டாம்.

கந்தக்காட்டுக்கு அனுப்பினா மாறிடுவாங்கள்தானே? இதுக்கேன் இவ்வளவு கதை?

2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் விருப்பத்தோடு வருகிறவருக்கும், நீதிமன்றக் கட்டளையால் அனுப்பப்படுகிறவருக்கும் சிகிச்சைக்கு வழி வைத்திருக்கிறது. பொலன்னறுவை மாவட்டத்தின் கந்தக்காடு நிலையம் புனர்வாழ்வுப் பணியகத்தின் கீழ் வருவது. அந்தப் பணியகத்துக்கு 2023 இல் தனிச் சட்டமும் வந்தது. 2012 இல் ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் சேர்ந்து கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடி, சமூகத்துக்குள்ளேயே விருப்பச் சிகிச்சை கொடுக்கும்படி கேட்டன. நானும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் ஒரு வருடம் பிள்ளை கண்ணுக்கு முன்னால் இல்லாமலிருந்தால் போதும் என்று அழும் தாயிடம் இந்த வாதத்தை நான் வைப்பதில்லை.

எங்கே போனாலும் அவர் திரும்பி வருவது அதே ஒழுங்கைக்குத்தான். அதே சந்தியில் அதே ஆள் நிற்பான். பயிலுநர்கள் கற்க வேண்டியது அந்தத் திரும்பும் நாளுக்கான வேலை: யார் கூட்டிவருவது, எந்த வழியால் வருவது, முதல் சம்பளம் யார் கையில், பழைய அளவின் ஆபத்தைச் சொன்னோமா. கடைசியில் சொன்னதற்கு உடம்பைப் பற்றிய கேள்வியில் பதில் இருக்கிறது.

சண்டையால, இழப்பால குடிக்கினம் எண்டு சொல்லுறது சாட்டில்லையோ?

சிலவேளை சாட்டு, பலவேளை உண்மை, அநேகமாக இரண்டும் கலந்தது. போரின் உளக்காயங்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் இங்கிருந்தே ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். இரவில் கெட்ட கனவு வராமலிருக்கக் குடிப்பவரிடம் குடியை மட்டும் எடுத்துவிட்டால் கனவு அப்படியே இருக்கும். கனவையும் கவனிக்க வேண்டும். ஆனால் இன்று ஐஸ் எடுக்கும் பதினேழு வயதுப் பெடியன் 2009 இற்குப் பிறகுதான் நினைவு தெரிந்தவன். எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுதினால் அவனைத் தவறவிடுவோம்.

பள்ளிக்கூடத்தில விழிப்புணர்வுக் கூட்டம் கேக்கினம். தூள், ஐஸ் எல்லாம் படத்தில காட்டிப் பயப்பிடுத்தலாமோ?

வேண்டாம். ஐ.நா. போதைப்பொருள் அலுவலகத்தின் தடுப்புத் தர நியமங்கள் 2013 இல் வந்தன, 2018 இல் திருத்தப்பட்டன. பயமுறுத்தல், முன்பு பாவித்தவரை மேடையேற்றிக் கதை சொல்லவைத்தல், தகவல் மட்டும் கொட்டுதல் ஆகியவை பலன் தராத, சிலவேளை எதிர்விளைவு தரும் முறைகள் என்று அவை சொல்கின்றன. எப்படிப் பாவிப்பது என்று அதுவரை தெரியாத பிள்ளைக்கும் நாமே சொல்லிக்கொடுத்துவிடுவோம். அதிபர் ஒரு மணித்தியாலப் பெருங்கூட்டம் கேட்டால், அதற்குப் பதிலாக ஒரு வகுப்போடு பல கிழமை இருக்க அனுமதி கேளுங்கள். நண்பன் "மாவா" பாக்கை நீட்டும்போது முகம் முறியாமல் மறுப்பது எப்படி என்று நடித்துப் பழகட்டும். அதிபர் பெரும்பாலும் சம்மதிக்கமாட்டார். இருந்தாலும் கேளுங்கள்.

வெறியில வந்து முன்னுக்கு இருக்கிறார். அண்டைக்கு அமர்வு நடத்தலாமோ, கலைக்கிறதோ?

இரண்டும் இல்லை. வெறியில் பேசியது அடுத்த நாள் நினைவில் நிற்காது. அழுது தந்த வாக்குறுதி அவரையே வெட்கப்படுத்தி, பிறகு வராமல் செய்யும். வெறியோடாவது வந்தாரே என்பதும் உண்மை. தண்ணீர் கொடுங்கள். தலை அடிபட்டிருக்கிறதா, வேறு ஏதும் எடுத்தாரா என்று பாருங்கள். எழுப்பினாலும் எழும்பாமல், மூச்சு மந்தமாக இருந்தால் 1990 அம்புலன்ஸ்.

அப்படி இல்லையென்றால், "இண்டைக்குக் கதைக்க வேண்டாம் அண்ணை, நாளைக்குப் பத்து மணிக்கு நான் இருப்பன்" என்று சொல்லி ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். எப்படி வந்தார் என்று கேளுங்கள். மோட்டார் சைக்கிள் என்றால் திறப்பைப் பறிக்கப் போகாதீர்கள், மல்லுக்கட்டு வரும். "திறப்பை என்னட்டைத் தந்திட்டுப் போங்கோ, நாளைக்கு வந்து வாங்குங்கோ" என்று கையை நீட்டுங்கள். அநேகம் பேர் தந்திருக்கிறார்கள். தந்தவர்கள் அடுத்த நாள் வராமலும் இருக்க முடியாதே.